இலவச பிரவுசர் கேமுக்கு வரும் கருத்துகள்: யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வியைச் சுருக்கமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவர், பிரவுசரிலேயே திறந்து விளையாடுகிற மாதிரி ஒரு கேம் செய்து இட்ச் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார். ஷேர் ஆட்டோ ஓட்ட வேண்டும், தாம்பரத்தில் ஆள் ஏற்றி பாரிமுனை வரை போக வேண்டும், வழியில் தண்ணி லாரி, மாடு, எதிர்ப்பக்கத்தில் வரும் பைக் எல்லாம் உண்டு. 20 பேர் மதிப்பெண் போட்டதில் சராசரி 3.4. கூடவே வந்த கருத்துகள் இப்படி: "செம", "ஒரே லேக்", "ரொம்ப வேகம், மூணாவது லெவல் தாண்டவே முடியல", "ரொம்ப ஸ்லோ, தூக்கம் வருது", "ஹாரன் அடிச்சா பக்கமே கீழ போகுது", "நேத்து விளையாடினது எதுவும் காணோம்", "தமிழ் எழுத்து குதிக்குது", "போர்". ஒருத்தர் வேகம் என்கிறார், இன்னொருத்தர் ஸ்லோ என்கிறார், இதில் யார் பேச்சைக் கேட்பது, இல்லை, காசு கொடுக்காமல் விளையாடிவிட்டுக் குறை சொல்பவர்களை விட்டுத்தள்ளிவிட்டு என் வேலையைப் பார்க்கட்டுமா என்பது அவர் கேள்வி.

எல்லோர் பேச்சையும் கேளுங்கள் தம்பி. ஆனால் அவர்கள் சொல்கிற காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் சொல்கிற தீர்வையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு என்ன நடந்தது, கேமில் எந்த இடத்தில் நடந்தது, கையில் இருந்தது என்ன போன், என்ன கம்ப்யூட்டர், இதை மட்டும் தோண்டி எடுங்கள். வண்டியை ஷெட்டில் விட்டு "கிளட்ச் போச்சுண்ணே" என்று நாம் சொன்னாலும் நல்ல மெக்கானிக் கிளட்ச்சைக் கழற்ற மாட்டார், சத்தம் எப்போது வருகிறது, மேம்பாலம் ஏறும்போதா இறங்கும்போதா என்றுதான் முதலில் கேட்பார். விளையாடியவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான்.

நான் வேளச்சேரியில் இருந்துகொண்டு பிரவுசர் கேம் செய்கிறேன், மற்றவர்கள் செய்ததை வெளியிடும் முன் சோதித்துக் கொடுப்பதும் என் தொழிலில் பாதி. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், நீங்கள் கொடுத்த எட்டு வரிகளில் ஆறுக்குப் பதில் நீங்கள் எழுதிய புரோகிராம் கோடிலேயே இருக்கிறது, ரசனைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் இந்த வேகம், ஸ்லோ விவகாரம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் அநேகமாக ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், ஆட்டோவை இத்தனை பிக்சல் நகர்த்து என்று எழுதியிருப்பீர்கள். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் என்கிற பிரவுசர் வசதி, திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறதோ அத்தனை முறை உங்கள் கோடைக் கூப்பிடும். சாதாரணத் திரையில் அது விநாடிக்கு 60 முறை. இப்போது நடுத்தர விலை போன்களிலேயே 120 ஹெர்ட்ஸ் திரை வந்துவிட்டது, அதில் 120 முறை கூப்பிடும். ஃபிரேமுக்கு 5 பிக்சல் என்று வைத்திருந்தால் உங்கள் லேப்டாப்பில் விநாடிக்கு 300 பிக்சல் ஓடுகிற ஆட்டோ அந்த போனில் 600 பிக்சல் ஓடும். தண்ணி லாரியும் இரண்டு மடங்கு வேகத்தில் வரும். மூன்றாவது லெவலை அவர் எப்படித் தாண்டுவார்? இன்னொரு பக்கம், ஐபோனில் லோ பவர் மோட் போட்டிருந்தால் சஃபாரி அதை 30 ஆகக் குறைத்துவிடும், அங்கே ஆட்டோ 150 பிக்சலில் ஊர்ந்து போகும், தூக்கம் வராமல் என்ன செய்யும். ஒரே கோடு, மூன்று பேர் மூன்று வேறு கேம் விளையாடியிருக்கிறார்கள். போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று கணக்கிட்டு, வேகத்தை அந்த நேரத்தால் பெருக்குங்கள், விஷயம் முடிந்தது. முக்கியமாக, "வேகம்" என்று சொன்னவர் பேச்சைக் கேட்டு எதிரிகளின் வேகத்தைக் குறைத்திருந்தால் மற்றவருக்குக் கேம் இன்னும் செத்துப்போயிருக்கும், கருத்துகளை ஓட்டுப் போல எண்ணுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதைச் செய்யும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். விளையாடிக்கொண்டிருப்பவர் வாட்ஸ்அப் பார்க்கப் போனால் பின்னால் போன டேபில் அந்தக் கூப்பிடுதலே நின்றுவிடும். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்ததும் நேர வித்தியாசம் இரண்டு நிமிடமாக இருக்கும், ஆட்டோ ஒரே தாவலில் லாரிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். அந்த வித்தியாசத்துக்கு ஒரு உச்ச அளவு வையுங்கள், டேப் மறைந்தால் கேம் தானாக நிற்கட்டும்.

அடுத்து லேக். இந்த ஒரு சொல்லில் நம் ஊரில் எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். கேம் திறக்க நேரமானாலும் லேக், படம் விட்டு விட்டு நகர்ந்தாலும் லேக், தொட்டது தாமதமாகப் பதிந்தாலும் லேக், இணையம் அறுந்தாலும் லேக், சில சமயம் தான் தோற்றதற்குக் காரணமும் லேக்தான். உங்கள் கேம் ஒருவர் மட்டும் ஆடுவது, முழுக்க டவுன்லோட் ஆகி ஏறி முடித்த பிறகு அதற்கு இணையமே தேவையில்லை, அதனால் நெட்வொர்க் கதையை விட்டுவிடலாம். மிச்சம் இருப்பதில் நான் முதலில் சந்தேகப்படுவது நினைவகம். ஒவ்வொரு லாரிக்கும் மாட்டுக்கும் புதிதாக ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கி, திரையை விட்டுப் போனதும் தூக்கி எறிந்தால், கேம் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அவ்வப்போது நின்று, எறிந்ததையெல்லாம் நினைவகத்திலிருந்து குப்பையாக அள்ளும். அந்த நிறுத்தம் சில மில்லி செகண்ட்தான், ஆனால் சரியாகத் திருப்பத்தில் வந்தால் ஆட்டோ போய் மோதும். ஒரு இருபது லாரியை முன்பே செய்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். அப்புறம் "முதல்ல நல்லா இருந்துச்சு, போகப் போக லேக்" என்று யாராவது சொன்னால் அது வேறு கதை. சென்னையில் மே மாதம், ஃபேன் காற்றில் உட்கார்ந்து விளையாடினால் பத்து நிமிடத்தில் போன் சுட ஆரம்பிக்கும், சூடு ஏறினால் போனே பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி அறையில் உட்கார்ந்து சோதித்தால் இது உங்கள் கண்ணில் படவே படாது.

பின்னால் நீங்கள் பலர் சேர்ந்து ஆடும் கேம் செய்தால் மட்டும் லேக் என்பதற்கு அதன் பழைய அர்த்தம் திரும்பி வரும். 2002-ல் போட்ட சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அதனால் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் போய் வர 32 மில்லி செகண்டுக்குக் கீழே யாராலும் கொண்டு வர முடியாது, நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். மும்பை சர்வர் அதைவிடக் கிட்டம். அமெரிக்காவில் வைத்தால் 200-ஐத் தாண்டிவிடும். ஸ்லிதர் மாதிரி பாம்பு ஆட்டங்களில் "நான் தொடவே இல்ல, செத்துட்டேன்" என்று புலம்பல் வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அவர் திரையில் நிஜமாகவே தொட்டிருக்க மாட்டார், சர்வரின் கணக்கில் தொட்டிருப்பார். அவரைப் பொய் சொல்கிறார் என்று நினைத்தால் அங்கே தப்பு நம்முடையது.

ஹாரன் விஷயம் சின்னது. ஸ்பேஸ் பட்டனையும் அம்புக்குறிகளையும் பிரவுசர் பக்கத்தை நகர்த்தவும் வைத்திருக்கிறது, அந்த இயல்பான செயலை நீங்கள் தடுக்க வேண்டும், ஒரு வரி போதும். அதோடு, இட்ச் போன்ற தளங்களில் உங்கள் கேம் தளத்தின் பக்கத்துக்குள் ஒரு சட்டகத்துக்குள் ஓடுவதால், விளையாடுபவர் ஒருமுறை அதன் மேல் கிளிக் செய்யும் வரை கீபோர்டு அதற்குப் போய்ச் சேராது. "கீ எதுவுமே வேலை செய்யல" என்று எழுதிவிட்டு இரண்டாம் முறை திரும்பி வராமல் போனவர்கள் நிச்சயம் இருப்பார்கள். தொடங்க ஒரு பெரிய பட்டன் வையுங்கள், அதை அழுத்தினால்தான் கேம் ஆரம்பம். சத்தமும் அதோடு சரியாகிவிடும், ஏனென்றால் பயனர் ஏதாவது தொடும் முன் ஒலி வரக் கூடாது என்பதை 2018-லிருந்து குரோம் கட்டாயமாக்கியிருக்கிறது.

சேவ் காணாமல் போனது மட்டும் கொஞ்சம் வேதனையான விஷயம், இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். இலவச கேமில் ஒருவர் காசு போடவில்லை, ஆனால் மாலை நேரத்தைப் போட்டிருக்கிறார். பாரிமுனை வரை ஓட்டி வந்து சேர்ந்தவருக்கு மறுநாள் திரும்பத் தாம்பரம் என்றால் அவர் மறுபடி ஓட்ட மாட்டார், கோபமாகத் திட்டவும் மாட்டார், சும்மா போய்விடுவார். உங்களிடம் வந்து சொன்னவருக்கு நன்றி சொல்ல வேண்டும். காரணங்கள் பல இருக்கலாம். இன்காக்னிட்டோவில் ஆடியிருக்கலாம். காலேஜ் லேபில் ஆடியிருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் அணைக்கும்போது எல்லாவற்றையும் துடைத்திருக்கும். சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தியும் ஒரு தளத்தை மட்டும் தொடாமல் இருந்தால் அந்தத் தளம் சேமித்து வைத்ததை 2020-லிருந்து அது அழித்துவிடுகிறது. இன்னொரு மோசமான வகை உண்டு: உங்கள் கேம் வேறொரு முகவரியிலிருந்து அந்தச் சட்டகத்துக்குள் வருவதால், மூன்றாம் தரப்பு குக்கீயைத் தடுத்து வைத்திருப்பவர்களிடம், பிரவுசர் சேவை வைத்திருக்கும் இடமான லோக்கல் ஸ்டோரேஜைத் தொட்டாலே பிழை வரும், அதைப் பிடிக்காமல் விட்டால் கேம் வெள்ளைத் திரையில் நின்றுவிடும். அதனால் சேமிக்கும் கோடைப் பிழை பிடிக்கும் ட்ரை-கேட்ச் பகுதிக்குள் வையுங்கள், சேமிக்க முடியவில்லை என்றால் முன்கூட்டியே திரையில் சொல்லிவிடுங்கள், எந்த லெவலிலிருந்தும் தொடங்க ஒரு சின்ன கடவுக் குறியீடு கொடுங்கள். பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டாவது அவர் தொடரட்டும்.

தமிழ் எழுத்து குதிப்பதைச் சொன்னவர் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை, இதைப் பெரும்பாலானவர்கள் பார்த்தும் சொல்ல மாட்டார்கள். நிறுத்தத்தின் பெயர் ஒவ்வொரு எழுத்தாக வருகிற மாதிரி செய்திருப்பீர்கள். "தாம்பரம்" நமக்கு ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எட்டு, ஏனென்றால் யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனி குறி. ஒவ்வொன்றாகக் காட்டினால் "தாம" என்று வந்து நின்று, அப்புறம் புள்ளி வந்து "தாம்" ஆகும். கொம்பு வைத்த எழுத்து என்றால் இன்னும் கொடுமை, முதலில் கொம்பில்லாத எழுத்து வந்து, அடுத்த கணம் அது வலப்பக்கம் நகர்ந்து அதன் இடத்தில் கொம்பு முளைக்கும். இன்ட்ல் செக்மென்டர் என்கிற வசதி இதற்காகவே இருக்கிறது, நாம் எழுத்து என்று நினைக்கும் அளவில் அது பிரித்துத் தரும், 2024-லிருந்து முக்கியமான எல்லா பிரவுசர்களிலும் கிடைக்கிறது. தமிழில் சொல் விளையாட்டு செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான், மூன்றெழுத்துச் சொல் போடு என்று கேட்டுவிட்டு "தமிழ்" என்று போட்டால் ஐந்து என்று தள்ளிவிடும்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். 3.4 என்றால் சுமாரான கேம் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அந்த வருத்தம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. 20 பேரில் 12 பேர் ஐந்து கொடுத்து 8 பேர் ஒன்று கொடுத்தாலும் சராசரி 3.4. 12 பேர் மூன்றும் 8 பேர் நான்கும் கொடுத்தாலும் அதே 3.4. இரண்டாவது வகையில் உங்கள் கேம் எல்லோருக்கும் பரவாயில்லை ரகம், அதை மேலே தூக்குவது கஷ்டமான வேலை. முதல் வகை என்றால் ஓடினவர்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, சிலருக்கு ஓடவே இல்லை. மேலே சொன்ன கோளாறுகளைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சராசரியை விட்டுவிட்டு எத்தனை பேர் எத்தனை கொடுத்தார்கள் என்ற பிரிவைப் பாருங்கள். ஒன்று கொடுத்தவர் கருத்தும் எழுதியிருந்தால் அவரிடம் கேளுங்கள்.

மதிப்பெண்ணும் இடத்துக்கு இடம் வேறு பொருள் தரும். நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் புதிதாக வருவதை அங்கே இருப்பவர்களே 0 முதல் 5 வரை போட்டு வடிகட்டுவார்கள், மோசமாக மதிப்பெண் வாங்கினால் தளத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள், அதனால் அங்கே கை கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். லூடம் டேர் மாதிரி 2002-லிருந்து நடக்கும் கேம் ஜாம்களில், அதாவது சில நாளுக்குள் ஒரு கேம் செய்து முடிக்கும் நிகழ்வுகளில், மதிப்பெண் போடுகிறவர்களும் கேம் செய்தவர்கள், அவர்கள் புதுமை, ஒலி, படம், மனநிலை என்று பிரித்துப் பிரித்துப் போடுவார்கள், குறையை மெதுவாகச் சொல்வார்கள், எங்கே என்று குறிப்பிட்டும் சொல்வார்கள். அந்தக் கருத்து தங்கம், ஆனால் அவர்கள் சாதாரண ஆட்டக்காரர்கள் இல்லை, அரைகுறை கேமையும் பொறுமையாகப் பார்ப்பவர்கள். போக்கி, கிரேஸிகேம்ஸ் போன்ற பெரிய தளங்களுக்குப் போனால் கட்டைவிரல் மேலே, கீழே, அவ்வளவுதான், நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள். அங்கே யாரும் உங்களுக்குக் கட்டுரை எழுத மாட்டார்கள், பிடிக்கவில்லை என்றால் அடுத்த படத்தைக் கிளிக் செய்துவிடுவார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை நம் ஊரில் நன்றாகவே தெரியும். சிஃபி ஐ-வே மாதிரி பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக் காசு கொடுத்து மினிகிளிப் ஆடி வளர்ந்தவர்கள், இப்போது ஓஎம்ஆரில் வேலை பார்த்துக்கொண்டு மதிய இடைவேளையில் ஒரு டேப் திறக்கிறவர்கள். அவர்கள் எதைப் பார்த்தாலும் "அந்தக் காலத்து ஃபிளாஷ் கேம் மாதிரி வராது" என்பார்கள். பிரவுசரில் அந்தக் கேம்களை ஓட வைத்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுத்தியது, 2021 ஜனவரி 12-லிருந்து பிளேயருக்குள்ளேயே ஓடாதபடி தடுத்தது, அவர்கள் ஆடிய பலதும் ஒரே நாளில் திறக்காமல் போனது. பிறகு ஃபிளாஷ் இல்லாமலேயே அவற்றை ஓட்டும் ரஃபில் என்கிற எமுலேட்டரும் இன்டர்நெட் ஆர்கைவும் நிறைய மீட்டுக் கொடுத்திருக்கின்றன. இவர்கள் ஒப்பிடுவதைக் கேட்டு மனம் உடையாதீர்கள், அதில் ஒரு உபயோகமான விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்தப் பழைய கேம்கள் பெரும்பாலும் சில எம்பிதான், மெனுவில் இரண்டு கிளிக்கில் ஆட்டம் ஆரம்பித்துவிடும். உங்கள் கேம் 40 எம்பி என்றால், 10 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏறவே 32 விநாடி ஆகும். அந்த 32 விநாடியில் டேபை மூடினவர்கள் மதிப்பெண்ணும் போடவில்லை, கருத்தும் எழுதவில்லை.

எழுதாமல் போனவர்கள்தான் எப்போதும் அதிகம். பணம் கொடுத்து வாங்கிய கேம் என்றால், பிடிக்காவிட்டாலும் போட்ட காசுக்காகக் கொஞ்ச நேரம் போராடுவார்கள். இலவச பிரவுசர் கேமில் அந்தப் பிடிமானம் கிடையாது. அதனால் அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய எண்ணிக்கை வையுங்கள்: கேம் ஏறி முடிந்தது, முதல் கீ அழுத்தினார், முதல் நிறுத்தத்தில் ஆள் ஏற்றினார், முதல் லெவல் முடித்தார், இவ்வளவு போதும். திறந்தவர்களில் பாதிப் பேர் முதல் கீயே அழுத்தவில்லை என்றால் கேமின் எம்பியைக் குறையுங்கள், மூன்றாவது லெவலைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். பெயர், மெயில், இருப்பிடம் எதுவும் வாங்காதீர்கள். ஆடுபவர்களில் பிள்ளைகள் நிறைய, 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான், பெற்றோர் சம்மதம் இல்லாமல் அவர்கள் விவரத்தைத் தொடக் கூடாது. உங்களுக்குத் தேவை வெறும் எண்.

ஆட்டக்காரர்கள் வாயால் சொன்னதை விட அவர்கள் செய்ததைப் பார்த்தால் ஒரு கேம் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு, ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேர்டில் நல்ல உதாரணம். ஜாஷ் வார்டில் அதை 2021 அக்டோபரில் பொதுவில் விட்டார், நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். நியூசிலாந்தில் சிலர் தங்கள் விடைக் கட்டங்களைப் பச்சை, மஞ்சள் எமோஜியாகக் கையாலேயே தட்டி நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கவனித்து, டிசம்பர் நடுவில் அதையே ஒரு பட்டனாக வைத்தார். 2022 ஜனவரி தொடக்கத்தில் ஆடியவர்கள் 3 லட்சத்தைத் தாண்டினார்கள், அந்த மாதக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. ஆட்டக்காரர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைக் கையால் செய்தே காட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் கேமை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கிறார்களா, எந்த இடத்தை எடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். லாரிக்கு அடியில் ஆட்டோ சொருகிக்கொண்ட படமாக இருந்தால் அதைச் சிரித்துக்கொண்டு பத்திரமாக வையுங்கள், சரி செய்ய அவசரப்படாதீர்கள்.

ஏனென்றால் எல்லாக் குறையும் குறை இல்லை. 2008-ல் பென்னட் ஃபாடி செய்த க்வாப் என்ற கேமில் ஓட்டக்காரனின் தொடைகளையும் கெண்டைக்கால்களையும் நான்கு கீயால் தனித்தனியாக அசைக்க வேண்டும், 100 மீட்டர் ஓட வேண்டும், இரண்டு அடி வைப்பதற்குள் ஆள் தலைகுப்புற விழுவான். "கன்ட்ரோல் படுமோசம்" என்று யார் சொன்னாலும் அது நூற்றுக்கு நூறு உண்மை. அதைக் கேட்டு அவர் சரி செய்திருந்தால் அந்தக் கேமே இருந்திருக்காது. அதனால் உங்கள் கேமில் எது வேண்டுமென்றே வைத்தது, எது தெரியாமல் வந்தது என்று முதலில் உங்களுக்குத் தெளிவாக வேண்டும். சந்து திருப்பத்தில் ஷேர் ஆட்டோ கொஞ்சம் சாய்வது நீங்கள் ஆசைப்பட்டு வைத்தது என்றால், பத்துப் பேர் குறை சொன்னாலும் அது இருக்கட்டும். சாயப் போகிறது என்று முன்னாலேயே தெரிகிற மாதிரி ஒரு சத்தமோ அசைவோ சேர்த்தால் போதும், குறை சொன்னவர்களில் பாதிப் பேர் ரசிக்க ஆரம்பிப்பார்கள்.

"போர்" என்று ஒரு சொல்லில் முடித்தவரிடம் எழுத்தில் எதுவும் வாங்க முடியாது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வழி இல்லை. ஹாஸ்டல் நண்பர்களை விடுங்கள், அவர்கள் உங்கள் முகத்துக்காக நல்லபடியாகச் சொல்வார்கள். அத்தை பையன், மாடி வீட்டு அக்கா, டீக்கடையில் உங்களைத் தெரியாத ஒரு பெரியவர், இப்படி யாராவது ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அவர் தப்பான இடத்தில் தொடும்போது "இல்லண்ணே, அங்க" என்று நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் போச்சு, வீட்டில் தனியாகத் திறப்பவருக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கப் போவதில்லை. கட்டைவிரல் எங்கே தயங்குகிறது, முகம் எப்போது தளர்கிறது, எப்போது போனைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவருகிறார், தோற்றதும் மறுபடி தானாகத் தொடங்குகிறாரா இல்லை உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரா, இதை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து பார்த்தால் அவருக்குக் கேம் முடிந்துவிட்டது என்று அர்த்தம், வாயால் "நல்லா இருக்குப்பா" என்று சொன்னாலும்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், "நீங்க என்ன செய்யணும்னு நினைச்சீங்க, என்ன நடந்துச்சு?" பிடிச்சிருக்கா என்று கேட்காதீர்கள், நம் ஊரில் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு, எட்டு வயதுக் குழந்தை பிடிக்கவில்லை என்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். அதைவிட நேர்மையான மதிப்பெண் இல்லை.

மெட்ரோவில் சுரங்கப் பகுதி போகும் நேரத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள், சிக்னல் தடுமாறும்போது பாதி ஏறின கேம் என்ன செய்கிறது என்று தெரியும். பழைய கருவியிலும் பாருங்கள், 2011-ல் ஆரம்பித்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் சில இன்னும் வீடுகளில் தம்பி தங்கைகளின் கையில் ஓடிக்கொண்டிருக்கின்றன, இலவச பிரவுசர் கேமைத் தேடி வருவதில் அவர்களும் உண்டு. ஐபோனில் கீழே வைத்த பட்டன்கள் முகவரிப் பட்டைக்கு அடியில் மறைகிறதா என்றும் பாருங்கள், திரை உயரம் நூறு சதவீதம் என்று எழுதினவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும்.

விளம்பரம் வைக்கலாமா என்றும் ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், தப்பில்லை, ஆனால் ஆட்டத்தின் நடுவில் குறுக்கே விழுகிற விளம்பரம் வேண்டாம், லெவல் முடிந்த இடத்தில் போதும். இன்னொன்று, நாணயம் சேர்ப்பது, லாகின் செய்யச் சொல்வது இவற்றைப் பார்த்தால் நம் ஊர்ப் பெற்றோர் உடனே "இது ரம்மி மாதிரியா?" என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, ஆன்லைன் சூதாட்டத்தால் குடும்பங்கள் நொடிந்ததைப் பார்த்துத்தான் தமிழ்நாடு சட்டமன்றம் 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக 2025-ல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. உங்களுடையதில் பணமே கிடையாது என்பதை முதல் திரையிலேயே தமிழில் எழுதிவிடுங்கள், லாகின் வேண்டாம்.

இலவசமாக ஆடிவிட்டுக் குறை சொல்கிறார்களே என்ற உங்கள் மனக்குறைக்கு மட்டும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. சென்னையில் செஸ் ஆடும் பிள்ளைகள் எத்தனையோ பேர் தினம் திறக்கிற லிசெஸ் தளம் 2010-லிருந்து முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. காசு கொடுக்காத அதே ஆட்டக்காரர்கள்தான் அங்கே பிழையைக் கண்டுபிடித்து, எப்படி வந்தது என்று படிப்படியாக எழுதி, மொழிபெயர்த்து, சிலர் கோடே எழுதிக் கொடுத்து அதை வளர்த்திருக்கிறார்கள். உங்கள் கேமுக்கு எட்டுப் பேர் நின்று எழுதியிருக்கிறார்கள், முதல் கேமுக்கு அது நல்ல எண்ணிக்கை.

இப்போது செய்ய வேண்டிய வரிசை: முதலில் சேவ், அடுத்து வேகக் கணக்கு, அப்புறம் ஸ்பேஸ் பட்டனும் தொடங்கும் பட்டனும், அதற்குப் பிறகு எழுத்து. லேக்குக்கு லாரிகளை மறுபயன்பாடு செய்து பாருங்கள். லெவல் மூன்றின் கடினத்தைத் தொடாதீர்கள், வேகம் சரியானதும் அது தானாகவே சரியாக இருக்கலாம். புதிய பதிப்பை ஏற்றியதும் குறை எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, "நீங்க சொன்னது சரி, இதனால வந்துச்சு, இப்ப மாத்தியிருக்கேன், இன்னொரு தடவை பாத்து சொல்றீங்களா" என்று பதில் எழுதுங்கள், பழைய கருத்து எதையும் அழிக்க வேண்டாம். லேக் என்றவரிடம் போன் மாடலும் பிரவுசரும் கேளுங்கள், திறக்கும்போதா, ஓட்டும்போதா, கொஞ்ச நேரம் கழித்தா என்றும் கேளுங்கள். மெனுவின் மூலையில் பதிப்பு எண்ணைச் சின்னதாகப் போட்டுவிடுங்கள், அடுத்து யார் என்ன குறை சொன்னாலும் அவர் எந்தப் பதிப்பை ஆடினார் என்று தெரியாமல் நீங்கள் தேட ஆரம்பிக்கவே கூடாது.